வயசு போனவையை அனுப்பிட்டா ஆலை ஓடுமோ? கிளிநொச்சித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி கேட்டது இதுதான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில ஆறு மாசத்துக்கு முதல் நிர்வாகப் பொறுப்பு எடுத்திருக்கிறார், மொத்தம் 38 பேர், அதில 17 பேர் 50 தாண்டினவை, அந்த 17லயும் 6 பேர் இன்னும் மூண்டு வருசத்துக்குள்ள 60ஐத் தொட்டுடுவினம். முதலாளி சொல்லுறாராம், வயசு போனவையை இப்பவே அனுப்பிட்டுப் பெடியளை எடுப்பம், சம்பளமும் குறையும் வேலையும் கெதியா நடக்கும் எண்டு. தம்பிக்கு மனம் ஒப்பேல்ல, ஆனா அதுக்கு மாத்தா என்ன திட்டம் வைக்கிறதெண்டு தெரியேல்ல.

நான் 20 வருசத்துக்கு மேல வவுனியாவிலயும் கிளிநொச்சியிலயும் ஆளணி வேலைதான் பாத்தனான், அதில பாதி ஆலையளிலயும் ஸ்டோரிலயும். அதால கொஞ்சம் விரிவாவே சொல்லுறன், பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல சட்டம், ஏனெண்டா முதலாளியோட கதைக்கேக்க அதுதான் கெதியா எடுபடும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில ஆகக்குறைஞ்ச ஓய்வு வயசை 60 ஆக்கிட்டுது. அது வந்த நேரம் 52ஐத் தாண்டியிருந்தவைக்கு மட்டும் 57, 58, 59 எண்டு படிப்படியா வைச்சவை, மற்ற எல்லாருக்கும் 60. அவையவைக்குரிய அந்த வயசு வர முதல் வயசைக் காட்டி ஓய்வில போ எண்டு சொல்லேலாது. வேற காரணம் சொல்லி நிப்பாட்டலாம் எண்டு நினைச்சாலும், 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்தில, ஒழுக்காற்றுப் பிரச்சினை இல்லாமல் ஒராளை நிப்பாட்டுறதெண்டா அந்த ஆளின்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளரின்ர அனுமதி வேணும், அது 1971ல இருந்தே உள்ள சட்டம். அதால "இப்பவே அனுப்புவம்" எண்ட கதை அந்த இடத்திலயே முடியுது. இதை முதலாளிக்கு வெருட்டலாச் சொல்லாதேங்கோ, ஒரு தாளில எழுதி அமைதியாக் காட்டுங்கோ.

ஆனா சட்டம் தடுக்குது எண்டதுக்காக மட்டும் வைச்சிருக்கிறதும் ஒரு திட்டமில்லை. முதலாளி சொல்லுறதில ஒரு உண்மை இருக்கு, 56 வயசு ஆள் 65 கிலோ நெல் மூட்டையைத் தோளில தூக்கி லொறிக்கு ஏத்துறது நெடுகச் செய்யேலாது, செய்ய விடவும் கூடாது. இப்ப நீங்கள் பாக்க வேண்டியது எந்த வேலை ஆரோட போகப்போகுது, எப்ப போகப்போகுது, அதுக்கு முதல் அது ஆரின்ர கைக்கு மாறோணும் எண்டதைத்தான்.

வேற ஊர்ப் புத்தகங்களில உள்ள திட்டம் எங்கட இடத்துக்கு அப்பிடியே பொருந்தாததுக்கு ஒரு காரணம் இருக்கு. சாதாரண இடத்தில 58 வயசு ஆளுக்குக் கீழ 45 வயசு ஆள் ஒருத்தர் இருப்பார், அவருக்குக் கீழ 35, அவருக்குக் கீழ 25, வேலை ஏணி மாதிரி இறங்கி வரும். வன்னியில நான் பாத்த இடமெல்லாம் அந்த நடுப்படிதான் இல்லை. சண்டை முடிஞ்ச 2009ல 20க்கும் 35க்கும் இடையில இருந்த ஆக்கள்தான் இண்டைக்கு மேற்பார்வையாளரா, மெசின் பொறுப்பா நிக்கவேண்டியவை. அதில செத்தது எத்தினை, காணாமல் போனது எத்தினை, கையோ காலோ போனது எத்தினை, பிறகு வெளிநாடு போனது எத்தினை. மிச்சம் இருக்கிறவையிலயும் 2022 பொருளாதார நெருக்கடியோட இன்னொரு கூட்டம் வெளிக்கிட்டுட்டுது. உங்கட ஆலையிலயும் எண்ணிப் பாருங்கோ, 35க்கும் 50க்கும் இடையில எத்தினை பேர் எண்டு. அந்த எண்ணிக்கை சின்னனா இருந்தா வேலை 57ல இருந்து நேர 24க்குப் பாயோணும், ரெண்டு தலைமுறைத் தூரம், அது தானா நடக்காது, நீங்கள் நேரம் ஒதுக்கி நடத்தோணும்.

நாடு முழுக்கவும் வயசு போய்க்கொண்டுதான் இருக்கு, 2012 கணக்கெடுப்பில 65க்கு மேல 7.9 வீதம், 2024ல 12.6 வீதம். ஆனா கொழும்பில ஒரு கொம்பனிக்கு அது மெல்லமா வாற தண்ணி, எங்களுக்குக் குளம் நிரம்பி வான் பாயிற மாதிரி ஒரேயடியா வரும். ஒரேயடியாப் போனா என்ன நடக்கும் எண்டதை அரசாங்கத்திலயே பாத்தனாங்கள். 2022ல அரச ஊழியருக்கு ஓய்வு வயசு 65 எண்டு போட்டு, அதே வருசம் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில திருப்பி 60 ஆக்கி, டிசம்பர் 31ஓட 60 தாண்டின பெருந்தொகை ஆக்கள் ஒரே நாளில வெளியில வந்தவை. கதிரை காலியா இருந்ததை விட, அந்தக் கோவை எங்க இருக்கு, இந்தப் பம்ப் ஏன் நிக்குது எண்டு கேக்க ஆளில்லாமல் போனதுதான் பெரிய கஷ்டம்.

இப்ப வேலைக்கு வருவம். ஒரு கொப்பி எடுங்கோ, கொம்பியூட்டரில அட்டவணை போட்டாலும் சரி. 38 பேருக்கும் பேர், பிறந்த திகதி, வேலைக்கு வந்த திகதி, 60 வாற மாசம், எழுதுங்கோ. பிறந்த திகதியில கவனம். இடப்பெயர்வில பிறப்புச் சான்றிதழ் துலைச்சுப்போட்டு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தவை கனபேர், அடையாள அட்டையில ஒரு வருசம், ஊழியர் சேமலாப நிதிப் (EPF) பதிவில இன்னொரு வருசம், பேரின்ர எழுத்து மூண்டு விதம். 60 வாற அண்டைக்கு இதைத் திருத்த வெளிக்கிட்டா அந்த மனிசன் மாசக்கணக்கில கந்தோர் கந்தோரா அலையோணும். 55 வயசிலயே ஒவ்வொருத்தரின்ர சேமலாப இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பேர் மூண்டும் பொருந்துதோ எண்டு பாத்துத் திருத்திக் குடுங்கோ. சண்டைக்கு முதல் வேற இடத்தில வேலை செய்து அந்தக் காசு அப்பிடியே கிடக்கிற ஆக்களும் இருப்பினம், கேட்டுப் பாருங்கோ. இந்த ஒரு வேலையைச் செய்தாலே அந்த 17 பேரும் உங்களை நம்பத் தொடங்குவினம், அந்த நம்பிக்கை பிறகு எவ்வளவு தேவைப்படும் எண்டதைக் கீழ சொல்லுறன்.

அதுக்குப் பக்கத்தில இன்னும் ரெண்டு நிரல். ஒண்டு, "இவரால மட்டும் ஏலுமான வேலை என்ன". மற்றது, "இவர் நாளைக்கு வராட்டி ஆர் செய்வினம்". ரெண்டாவது நிரல் வெறுமையா இருக்கிற இடம்தான் ஆபத்து, வயசு எவ்வளவா இருந்தாலும். உங்கட ஆலையில நான் நினைக்கிறன் மூண்டு இடம் வெறுமையா இருக்கும்: நெல் அவிக்கிற இடம், நெல் வாங்கிற இடம், மெசின் சத்தம் மாறினாக் கண்டுபிடிக்கிற ஆள்.

நெல் அவிக்கிற கதைக்கு நான் நேரில பட்ட ஒண்டு இருக்கு. நான் வேலை செய்த ஒரு ஆலை, பேர் வேண்டாம். அங்க தொட்டியும் பாய்லரும் பாத்த ஐயா ஒருத்தர் மார்கழியில வேலையால நிண்டுட்டார். எங்களுக்குத் தெரியும் அவர் போகப்போறார் எண்டு, ஒரு வருசமாத் தெரியும், ஆனா காலபோக (மாரிப் பயிர்) நெல் வர முதல் ரெண்டு பெடியளை ஒரு கிழமை அவரோட விட்டாப் போதும் எண்டு நினைச்சம். மாசியில நெல் வந்து குவியுது, அவிச்ச அரிசி மணக்குது, நிறம் மங்கலா வருது, கடைக்காரர் திருப்பி அனுப்பீனம். பெடியள் சொல்லிக் குடுத்த மணித்தியாலக் கணக்கை அச்சொட்டாத்தான் செய்தவை. கடைசியில ஐயாவை ஆள் விட்டுக் கூப்பிட்டம், சைக்கிளில வந்தார், தொட்டித் தண்ணியில கையை விட்டார், ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில தேச்சார், இது பிந்தி வெட்டி நல்லாக் காஞ்ச நெல், அது முந்தி வெட்டின ஈர நெல், ரெண்டையும் ஒரே நேரம் ஊறப்போட்டா ஒண்டு புளிக்கும் எண்டார். அவரிட்ட இருந்தது மணித்தியாலக் கணக்கு இல்லை, நெல்லைப் பாத்து மணித்தியாலத்தை மாத்திற கணக்கு. அது ஒரு கிழமையில வராது, வேற வேற நெல் வரேக்க பக்கத்தில நிண்டாத்தான் வரும். அண்டையில இருந்து நான் வைச்சிருக்கிற கணக்கு, ஆலையில முக்கியமான ஒரு கை மாறுறதெண்டா ஆகக்குறைஞ்சது ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் (கோடைப் பயிர்) பழைய ஆளும் புது ஆளும் சேந்து நிக்கோணும். ரெண்டு காலபோகம் கிடைச்சா இன்னும் நல்லது.

அப்ப உங்கட 6 பேருக்கும் 60 வாற மாசத்தில இருந்து பின்னோக்கி எண்ணுங்கோ. ஒருத்தருக்கு வாற வருசம் ஆனியில 60 எண்டா, இந்தச் சிறுபோகத்தில ஆளைச் சேத்தாத்தான் ரெண்டு போகம் சேந்து நிக்கலாம். மனிதவளத் திட்டமிடல் எண்டு பெரிசாச் சொல்லுறது உண்மையில இந்தப் பின்னோக்கி எண்ணுறதுதான். அதோட ஒரு இடத்துக்கு ஒராளைப் பழக்காதேங்கோ, ரெண்டு பேரைப் பழக்குங்கோ, ஏனெண்டா ஒராள் கட்டார், ருமேனியா எண்டு போயிடுவார், அது அந்தப் பிள்ளையின்ர பிழை இல்லை, வீட்டு நிலைமை அப்பிடி. ரெண்டு பேரில ஒராள் பொம்பிளைப் பிள்ளையா இருந்தா நல்லம் எண்டது என்ர அனுபவம். குடும்பத்தைத் தனியச் சுமக்கிற பொம்பிளையள் எங்கட பகுதியில எவ்வளவு பேர், ஊரோட நிக்கவேணும் எண்டு நிலையான வேலை தேடுறவை, அவையை முற்றத்தில நெல் காயப்போடவும் கூட்டவும் மட்டும் வைச்சிருக்கிறம். நிறம் மாறின அரிசியைப் பிரிக்கிற கலர் சோட்டரும் ஈரப்பத மீற்றரும் அவையும் பழகலாம்.

இனிச் சொல்லப்போறதுதான் நான் இவ்வளவும் எழுதினதுக்குக் காரணம். பழைய ஆக்கள் ஏன் சொல்லிக்குடுக்க மாட்டினம் தெரியுமோ? "நான் பழக்கி முடிச்ச அண்டைக்கு என்னை அனுப்பிப் போடுவாங்கள்" எண்ட பயம். வீடு, மாடு, தோட்டம், பிள்ளை எல்லாத்தையும் இழந்திட்டு இடம்பெயர்ந்தவையை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில இருந்து பொலித்தீன் கூரைக்குத் திரும்பி வந்து இந்த ஆலையில நிண்டு பிழைச்ச மனிசனுக்கு, கையில மிச்சமா உள்ள ஒரே சொத்து அந்தத் தொழில்தான். அதையும் குடு எண்டு கேட்டா எப்பிடிக் குடுப்பார்? அதால முதல்ல உறுதி, பிறகுதான் கேள்வி. 60 வரைக்கும் வேலையும் சம்பளமும் குறையாது, பழக்கிறதுக்கு மாசம் ஒரு தனிக் கொடுப்பனவு, 60க்குப் பிறகும் விருப்பமும் உடம்பும் இருந்தா போக காலத்துக்கு ஒப்பந்தம், இந்த மூண்டையும் முதலாளி கையெழுத்தோட கடிதமாக் குடுத்துப்போட்டு, பிறகு போய்க் கேளுங்கோ. வாய்ச்சொல் காணாது, எங்கட சனம் வாய்ச்சொல்லை நம்பி நிறையக் கஷ்டப்பட்டுட்டுது.

கேக்கிற விதமும் முக்கியம். "உங்கட வேலையை எழுதித் தாங்கோ ஐயா" எண்டு தாளும் பேனையும் குடுத்தா அவர் வாயை மூடிடுவார், இடப்பெயர்வில பள்ளிக்கூடம் விட்ட ஆக்களும் இருக்கினம், எழுத்துக் கூச்சம் இருக்கும். பக்கத்தில பெடியை விட்டு போனில வீடியோ எடுக்கச் சொல்லுங்கோ, கேள்வியைப் பெடி கேக்கட்டும்: எப்பிடித் தெரிஞ்சது, வேற என்ன நடந்திருக்கலாம், போன வருசம் பிழைச்ச இடம் எது. உமி நீக்கிற ரப்பர் ரோல் மாத்தேக்க, நெல்லை மேல ஏத்திற எலிவேட்டர் அடைக்கேக்க, ஒரு மாதிரிச் சத்தம் வரேக்க, அந்த நேரத்திலயே எடுக்கோணும். அந்த ஐயாவுக்குத் தொழிலுக்குரிய தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ், படிப்பில்லாமல் அனுபவத்தை வைச்சே மதிப்பிட்டுக் குடுக்கிற முறையில, எடுக்கலாமோ எண்டும் விசாரியுங்கோ. 57 வயசில தன்ர பேரில ஒரு சான்றிதழை வீட்டுச் சுவரில கொழுவிற மனிசனை நான் பாத்திருக்கிறன், அந்தச் சந்தோசத்துக்கு விலை இல்லை.

உடம்புக்கு வருவம். வயசைப் பாத்து ஆளை அளக்காதேங்கோ, குறிப்பா வன்னியில. 45 வயசில உடம்பில ஷெல் துண்டோட வேலை செய்யிற ஆள் இருக்கிறார், 62 வயசில வயல் உழுற ஆளும் இருக்கிறார். பின்லாந்தில ஆராய்ச்சியாளர் யுஹானி இல்மரினெனும் அவரோட சேந்தவையும் 1980களில உருவாக்கின வேலைத்திறன் சுட்டெண்ணில முதல் கேள்வி மிச்சம் எளிமையானது: உங்கட வாழ்க்கையில நீங்கள் ஆக நல்லா வேலை செய்த காலத்துக்குப் பத்துப் புள்ளி எண்டா, இப்ப எத்தினை? இதை 38 பேரிட்டயும் கேளுங்கோ, பெடியளிட்டயும். ஆறுக்குக் கீழ சொல்லுற ஆளோட இருந்து, எந்த வேலையில கஷ்டம் எண்டு கதையுங்கோ. ஆளைத் தூக்கி எறியாமல் வேலையில எதை மாத்தலாம் எண்டு பாக்கிறதுக்குத்தான் அந்தக் கேள்வி.

மாத்தவேண்டியது பெரும்பாலும் சின்னச் சாமான்தான். ஜேர்மனியில டிங்கோல்ஃபிங்கில இருக்கிற பிஎம்டபிள்யூ கார் தொழிற்சாலையில 2007ல ஒரு பகுதியை எடுத்து, பத்து வருசத்தில வரப்போற வயசுக் கலவையில, சராசரி 47 வயசு ஆக்களைப் போட்டு ஓட்டிப் பாத்தவை. தொழிலாளியளிட்டயே கேட்டு 70 மாற்றம் செய்தவை, மரத்தளம், இருந்து செய்யக் கதிரை, எழுத்துப் பெரிசாத் தெரியக் கண்ணாடி, இப்பிடியானது. ஒரு வருசத்தில உற்பத்தி 7 வீதம் கூடிச்சுது. எங்களுக்கு மரத்தளம் வேண்டாம், ஆனா மூட்டையை 50 கிலோவுக்கு மேல கட்டுறதில்லை எண்டு முடிவெடுக்கலாம். சர்வதேச தொழிலமைப்பு 1967லயே வளர்ந்த ஆம்பிளைக்கே 55 கிலோவுக்கு மேல சுமத்தாதேங்கோ எண்டு பரிந்துரைச்சது, நாங்கள் இன்னும் 65, 70 கிலோ சாக்கைத் தோளில ஏத்திறம். ரெண்டு சில்லு வண்டி, லொறி மட்டத்துக்கு ஒரு மேடை, சோட்டருக்குப் பக்கத்தில நல்ல வெளிச்சம், முற்றத்தில சோளகக் காத்து அடிக்கிற மாசங்களில ஒரு நிழல் பந்தலும் தண்ணிக் குடமும். உச்சி வெயிலுக்க 55 வயசு அம்மா ஒராள் நெல் துழாவுறதை நான் எத்தினை வருசம் பாத்தும் ஒண்டும் சொல்லாமல் போயிருக்கிறன், இப்ப நினைச்சா நெஞ்சு குத்துது. காலமை ஆறுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிப்பாட்டிப் பின்னேரம் திரும்பத் துழாவலாம், நெல்லும் வெடிக்காது, மனிசரும் விழாது. பெடியளுக்கும் இதால நாரி தப்பும்.

இன்னொண்டு, கிளினிக் கொப்பி. பழைய ஆக்கள் அடிக்கடி லீவு எண்டு முதலாளி சொல்லுவார், பதிவைப் பிரிச்சுப் பாத்தீங்கள் எண்டா பாதி லீவு ஆஸ்பத்திரி கிளினிக் நாளா இருக்கும், சீனி, பிரசர். திகதி முன்னமே கொப்பியில எழுதியிருக்கும்தானே, அதைப் பாத்து முறை போடுங்கோ, அண்டைக்கு அரை நாள் சம்பளத்தோட விடுங்கோ. சம்பளம் வெட்டுப்படும் எண்டு கிளினிக் போகாமல் விட்டுக் கடைசியில கால் எடுக்கிற நிலைக்கு வந்த ஆளை எனக்குத் தெரியும். சீனி வருத்தக்காரரை இரவு முறையில போடாதேங்கோ, போட்டாலும் சாப்பாட்டு நேரம் தவறக்கூடாது.

காசுக் கணக்கு, இது முதலாளிக்கு. 15 பேரோ கூடவோ உள்ள இடத்தில 5 வருசம் முடிச்ச ஆள் போகேக்க, மாசச் சம்பளக்காரருக்கு வருசத்துக்கு அரை மாசச் சம்பளப்படி பணிக்கொடை குடுக்கோணும், 1983ஆம் ஆண்டுச் சட்டம், போய் 30 நாளுக்குள்ள. கடைசிச் சம்பளம் 60,000, சேவை 14 வருசம் எண்டு வைச்சா ஒராளுக்கு 420,000. ஆறு பேருக்கு 25 இலட்சத்து 20 ஆயிரம். அது நெல் வாங்கக் காசு தேடுற மாசத்தில வந்து விழுந்தா ஆலை ஆட்டம் காணும், இப்ப இருந்து மாசம் 70,000 தனிக் கணக்கில போட்டா 36 மாசத்தில சரி. சண்டைக்கு முதலும் இதே முதலாளியிட்ட நிண்ட ஆக்கள் இருந்தா, அந்தக் காலமும் சேருமோ எண்டதைத் தொழில் திணைக்களத்தில கேட்டு எழுத்தில எடுத்து வையுங்கோ, பிறகு வழக்கில போய் நிக்கத் தேவையில்லை.

60க்குப் பிறகு வைச்சிருக்கிறதெண்டா பணிக்கொடையைக் குடுத்துக் கணக்கை முடிச்சு, புதுக் கடிதத்தோட, இத்தினை மாசம், இந்த வேலை, இத்தினை மணித்தியாலம் எண்டு தெளிவா வையுங்கோ, சேமலாப நிதிக்குத் தொழிலாளியின்ர 8 வீதம், முதலாளியின்ர 12 வீதம், அதோட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளியின்ர 3 வீதமும் நிப்பாட்டாதேங்கோ. அவைக்கு ஆகப் பொருத்தமான இடம் நெல் வாங்கிற இடம். முரசுமோட்டை, கண்டாவளை, அக்கராயன், உருத்திரபுரம் எண்டு ஆர் எந்த வாய்க்காலில என்ன நெல் போட்டவர், ஆர் ஈரத்தோட கொண்டுவருவார், ஆர் காய வைச்சுத்தான் தருவார் எண்டு அவைக்குத் தெரியும். மீற்றர் 14 வீதம் காட்டுதோ எண்டு பெடி பாக்கட்டும், விவசாயியோட கதைக்கிறது ஐயாவா இருக்கட்டும். புதுப் பெடி வந்து "ஈரம் கூட, கழிக்கோணும்" எண்டா சண்டை வரும், அதையே ஐயா சொன்னா "சரி அண்ணை" எண்டு போவினம்.

இளம் பெடி மேற்பார்வையாளரா வந்தா ஒண்டு சொல்லிக் குடுங்கோ, ஐயா எண்டு கூப்பிட்டே வேலையைச் சொல்லலாம், மரியாதை குடுத்தா அதிகாரம் குறையாது.

எல்லாத்தையும் ஒரேயடியாத் தொடங்காதேங்கோ தம்பி. இந்த மாசம் கொப்பியை முடியுங்கோ. முதலாளியிட்டக் கடிதத்துக்குக் கையெழுத்து வாங்குங்கோ, பணிக்கொடைக் கணக்கைக் காட்டினா அவர் கேப்பார் எண்டு நினைக்கிறன். பிறகு அந்த 6 பேரில பாய்லர் பாக்கிறவரிட்ட முதல் போங்கோ, கந்தோருக்குக் கூப்பிடாமல் அவர் வேலை செய்யிற இடத்துக்கே, கடிதத்தைக் கையில குடுத்து வாசிச்சுக் காட்டுங்கோ. அவர் ஆரைப் பழக்க விருப்பம் எண்டு அவரிட்டயே கேளுங்கோ, பேர் அவர் வாயில இருந்து வரட்டும். தை பிறக்க முதல் அந்தப் பிள்ளை அவருக்குப் பக்கத்தில நிக்கோணும்.